அழைத்தல் உறுதியான பிறகுதான் மடத்துக்குப் போகணுமா?

நெய்தல்24 | 3 மே 2025, இரவு 10:12

24 வயசு. டிப்ளமோ முடிச்சு வேலையில இருக்கேன். துறவற சபையில சேரலாமான்னு மூணு வருஷமா யோசனை. என் கணக்கு இதுதான்: அழைத்தல் (கடவுள் இந்த வாழ்வுக்குக் கூப்பிடுறார்ங்கிறது) நூறு சதவீதம் உறுதியாத் தெரியாம உள்ள போறது சபையையும் ஏமாத்துறது, நம்மையும் ஏமாத்திக்கிறது. அதனால உறுதி வர்ற வரைக்கும் வெளியவே காத்திருக்கிறதுதான் நேர்மை. தப்புன்னா சொல்லுங்க. கல்விக் கடன் ₹1,40,000 பாக்கி, அப்பாதான் ஜாமீன். அதெல்லாம் ஒரு பொருட்டா?

மடத்துச்சாவி | 3 மே, 11:40

கணக்கு தப்பு. நூறு சதவீத உறுதியோடு வருகிறவனைப் பார்த்தால்தான் நவதுறவக அதிபருக்கு (புதிதாகச் சேர்கிறவர்களைப் பயிற்றுவிப்பவர்) வயிற்றைக் கலக்கும். உள்ளே போவது முடிவு இல்லை, பரிசோதனை. அந்தப் பரிசோதனைக்கென்று ஒதுக்கிய காலம்தான் நவதுறவு. அழைத்தல் உங்கள் நெஞ்சுக்குள் மட்டும் ஒலிக்கிற குரல் என்று நினைக்கிறீர்கள். அதில் பாதிதான் உங்களிடம் இருக்கிறது. மீதிப் பாதி, “இவர் எங்களோடு வாழ முடியும்” என்று சபை சொல்ல வேண்டிய பதில்.

கடன் பெரிய பொருட்டு. திருச்சபைச் சட்டத் தொகுப்பு எண் 644: கட்ட முடியாத கடன் உள்ளவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது. மாதத் தவணை ஒழுங்காகப் போகிறது என்பதெல்லாம் செல்லாது. நவதுறவி ஆனபிறகு சம்பளம் ஏது? தீர்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அப்பா எடுத்துக்கொள்கிறார் என்று வங்கியில் எழுத்தில் மாற்றுங்கள்.

மடத்துச்சாவி | 4 மே, காலை 6:05

விட்டுப்போனது. என்னென்ன கேட்பார்கள் என்றால்: திருமுழுக்குச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணம் ஆகாதவர் என்பதற்குப் பங்குத்தந்தை கடிதம், படிப்புச் சான்றுகள், மருத்துவப் பரிசோதனை. முன்பு வேறு குருமடத்திலோ சபையிலோ இருந்திருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம். இதை மறைப்பவர்கள் உண்டு, மறைக்கவே கூடாது. இன்னொரு சபையில் வார்த்தைப்பாடு (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) கொடுத்திருந்ததை மறைத்துச் சேர்ந்தால் சேர்க்கையே செல்லாது (643).

அசல் சான்றுகளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டுங்கள். அசலை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வெளியே வர நினைக்கும் நாளில் அந்தப் பூட்டு ரொம்பக் கனக்கும்.

ஓரக்குறிப்பு | 4 மே, 9:20

திருமுழுக்குச் சான்று பழசு செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும். ஏன் என்று பலருக்குத் தெரியாது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓரம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், நித்திய (வாழ்நாள் முழுவதற்குமான) வார்த்தைப்பாடு எல்லாம் அந்த ஓரத்தில் ஏறும் (535). ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றில் அந்த ஓரம் காலியாக இருந்தால்தான் நீங்கள் ‘கட்டு இல்லாதவர்’. முதல் வார்த்தைப்பாடு அதில் ஏறாது, நித்திய வார்த்தைப்பாடுதான் ஏறும். சபை மாறுகிறவர்கள் விஷயத்தில் குழப்பம் வருவது இங்கேதான்.

என் பெயருக்கும் அதுதான் காரணம். கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே.

நெய்தல்24 | 4 மே, 9:48

அப்ப நவதுறவு எவ்வளவு காலம்? நடுவுல அக்கா கல்யாணத்துக்கு வரலாமா?

மடத்துச்சாவி | 4 மே, 10:30

சட்டப்படி 12 மாதம், நவதுறவகத்திலேயே. பல சபைகளில் இரண்டு வருடம். பொதுவாக அதற்கு மேல் நீட்டக் கூடாது. கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுவது அதிபர் மனசு. 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் நவதுறவு செல்லாமல் போகும், திரும்ப முதலிலிருந்து தொடங்கணும்.

ஓரக்குறிப்பு | 4 மே, 10:52

தப்பு. 15 நாளைத் தாண்டினால் வெளியே இருந்த காலத்தை ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் செல்லாது. தொடர்ச்சியாகப் போனாலும் சரி, விட்டுவிட்டுப் போனாலும் சரி (649). டைபாய்டில் நாற்பது நாள் வீட்டில் கிடந்த பையனை உங்கள் கணக்குப்படி முதல் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

மடத்துச்சாவி | 4 மே, 11:15

சரி, இரண்டையும் குழப்பிவிட்டேன். மேலே எழுதியதை அழிக்கவில்லை, கீழே இதையும் சேர்த்துப் படியுங்கள். இன்னொன்று: இரண்டு வருடம் முடிந்தும் அதிபருக்குச் சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் வரை நீட்டலாம். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. சந்தேகத்தோடு அனுமதிப்பதைவிட அது நல்லது.

மடத்துச்சாவி | 6 மே, இரவு 9:30

தெளிந்து தேர்தல் (கடவுள் விருப்பம் எது என்று ஆராய்ந்து முடிவெடுப்பது) பற்றித் தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன்.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தந்த முறை அந்தச் சபைக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க மூன்று நேரங்கள் என்கிறார். ஒன்று, சந்தேகமே எழாதபடி கடவுளே இழுத்துக்கொள்வது. அது அபூர்வம், அதற்காகக் காத்துக் கிடக்காதீர்கள் (நெய்தல், கேட்கிறதா?). இரண்டாவது, மனசுக்குள் ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வருவதைப் பல வாரம் கவனித்து, எந்தப் பக்கம் நினைக்கும்போது ஆறுதல் தங்குகிறது என்று பார்ப்பது. மூன்றாவது, மனசு அமைதியாக இருக்கும்போது அறிவை வைத்து எடைபோடுவது.

இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். தாளில் நடுவே ஒரு கோடு போட்டு நல்லது, கெட்டது என்று இரண்டு பத்தி எழுதிவிடுகிறார்கள். நான்கு பத்தி வேண்டும்: போனால் வரும் நன்மை, போனால் வரும் ஆபத்து, போகாவிட்டால் வரும் நன்மை, போகாவிட்டால் வரும் ஆபத்து. முதலாவதும் நான்காவதும் ஒன்றுதானே என்று தோன்றும். எழுதிப் பாருங்கள். “போனால் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம்” என்று முதல் பத்தியில் எழுதியவர் நான்காவதில் “போகாவிட்டால் ஊர்ல என்ன சொல்வாங்க” என்று எழுதுவார். அசல் காரணம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எழுதியதை எண்ணாதீர்கள், எடை பாருங்கள். பதினோரு சின்னக் காரணம் ஒரு பெரிய காரணத்துக்கு முன்னால் நிற்காது.

வறட்சியில் இருக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவருடைய ஐந்தாம் விதி. இதன் மறுபக்கமும் முக்கியம்: பொங்கி வழியும் நேரத்தில் வாக்குக் கொடுக்காதே. மூன்று நாள் தியானம் முடிந்த ஞாயிறு மாலை, பாட்டும் கண்ணீருமாக, மேடைக்கு வந்து பெயர் கொடுக்கச் சொல்வார்கள். பெயர் கொடுங்கள், தப்பில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் அடுத்த மாதம் போடுங்கள்.

வலிகாமத்தான் | 7 மே, அதிகாலை 5:50

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு கேள்வி. நீங்கள் சொல்லுறதெல்லாம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்துற சபையளுக்குத்தான் பொருந்துது போல கிடக்கு. தோலகட்டி ஆச்சிரமம் மாதிரி செபத்துக்கெண்டே இருக்கிற இடத்துக்குப் போறவைக்கு இதே கணக்கோ? 1928இல அமல மரி தியாகிகள் சபைத் தந்தை தோமஸ் தொடங்கினது. இஞ்ச சனத்துக்கு அவையின்ர நெல்லி ரசம்தான் முதல் ஞாபகம் வரும், செபம் பிறகுதான்.

மடத்துச்சாவி | 7 மே, 7:15

நெல்லி ரசம்தான் விடையும். செபமடம் என்றால் முழுநாளும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது என்று நினைத்துப் போகிறவர் நாலாம் வாரம் திரும்பிவிடுவார். தோட்டம், மாடு, சமையல், பழரசம் என்று உடம்பு உழைப்பு அங்கேதான் அதிகம். செப வாழ்வுக்குத் தகுதியா என்று பார்க்க ஒருவரின் செபத்தைப் பார்ப்பதில்லை. அதே பத்துப் பேரோடு, அதே வேலையை, பாராட்டு இல்லாமல் செய்ய முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

காலக்கணக்கு வேறு. அடைபட்ட மடத்துக் கன்னியருக்கு 2018இல் வத்திக்கான் தந்த ‘கோர் ஓரான்ஸ்’ விதிகள்: முன்பயிற்சி 12 மாதம், அடுத்த நிலை 12 மாதம், நவதுறவு 2 வருடம், தற்காலிக வார்த்தைப்பாடு 5 வருடம். எல்லாம் குறைந்தபட்சம். ஆக 9 வருடம்.

ஓரக்குறிப்பு | 7 மே, 8:02

மற்ற சபைகளுக்கு: முதல் வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது 18 வயது, நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21. இடையில் தற்காலிக வார்த்தைப்பாடு 3 முதல் 6 வருடம், நீட்டினாலும் மொத்தம் 9ஐத் தாண்டக் கூடாது.

இயேசு சபையை இந்தச் சட்டியில் போடாதீர்கள். அவர்கள் நவதுறவு முடிந்த அன்றே கொடுப்பது நித்திய வார்த்தைப்பாடு. ஆனால் சபைதான் அவரை இன்னும் முழுசாக ஏற்கவில்லை. படிப்பு, பணி, குருப்பட்டம், மூன்றாம் பயிற்சி (அவர்களின் கடைசிக் கட்டப் பயிற்சி) எல்லாம் முடிந்து பல வருடம் கழித்துத்தான் இறுதி வார்த்தைப்பாடு. கட்டு ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கும். திண்டுக்கல் பெஸ்கி இல்லத்தில் (அவர்களின் நவதுறவகம்) நுழைகிற பையனிடம் இதை விளக்கிச் சொன்னால் முதலில் சிரிப்பான், பிறகு கணக்குப் போடுவான்.

நெய்தல்24 | 7 மே, மதியம் 1:10

அப்ப மறைமாவட்டக் குருவாப் போறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எங்க ஊர்ல எல்லாரையும் சாமியார்னுதான் சொல்வாங்க.

மடத்துச்சாவி | 7 மே, 1:45

மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மணத்துறவும் ஆயருக்குக் கீழ்ப்படிதலும்தான். சொந்தப் பெயரில் பைக் வைத்துக்கொள்ளலாம், அப்பா நிலம் அவர் பெயருக்கு வரலாம். பெரும்பாலும் தனியாக இருப்பார். துறவறம் என்றால் குழு வாழ்வு. குருப்பட்டம் இல்லாத அருட்சகோதரரும் முழுத் துறவிதான். ‘சாமியாராக முடியாததால் பிரதர்’ என்று ஊர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பலிபீடம்தான் இழுக்கிறதா, கூடி வாழ்வது இழுக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். முதலாவது மட்டும் என்றால் துறவற சபையில் முப்பது வருடம் எரிச்சலோடு வாழ்வீர்கள்.

மடத்துச்சாவி | 11 மே, காலை 5:20

இந்த இழையில் பணம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எல்லோரும் கற்பைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு உள்ளே போவார்கள், ஏழ்மையில் தடுக்கி விழுவார்கள்.

ஏழ்மை என்றால் பசி இல்லை. சாப்பாடு மூன்று வேளையும் கிடைக்கும். ஏழ்மை என்றால் கேட்பது. நாற்பது வயதில், முதுகலை படித்த தலைமையாசிரியை, தேய்ந்த செருப்பைக் காட்டி மடத்துத் தலைவியிடம் முன்னூறு ரூபாய் கேட்க வேண்டும். அந்தத் தலைவி இவரைவிடப் பத்து வயது சின்னவர், இவரிடமே படித்தவராகவும் இருக்கலாம். “போன வருஷம்தானே வாங்கினீங்க சிஸ்டர்?” என்பார். இதைச் சிரித்துக்கொண்டு கடக்க முடிந்தால் பாதி துறவறம் ஆனது.

இப்போது சொத்து. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் உங்கள் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் (668). நிர்வாகத்தை மட்டும்தான், சொத்தை இல்லை. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது உயில் எழுதியாக வேண்டும், நாட்டுச் சட்டப்படியும் செல்லும்படி. இங்கே 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை.

இப்போது நடக்கிற கூத்து. பிள்ளை நவதுறவகம் போகிறான் என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் விடுதலைப் பத்திரத்தோடு வருவார். “நீதான் சாமியாராப் போறியே, உனக்கெதுக்குப் பங்கு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ.” போடாதீர்கள். திருச்சபையே அந்தக் கட்டத்தில் அதைக் கேட்கவில்லை. நவதுறவிகள் எந்த நாளும் சுதந்திரமாக வெளியே வரலாம் என்று சட்டம் வைத்திருப்பதே அதற்காகத்தான். பத்திரத்தில் போட்ட கையெழுத்து அப்படித் திரும்பி வராது.

நெய்தல்24 | 11 மே, 8:30

எங்க பெரியப்பா மகன் நேத்துதான் இதையே கேட்டான். நீங்க எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தீங்களா?

ஓரக்குறிப்பு | 11 மே, 9:05

எல்லா வீட்டிலும் ஒரு பெரியப்பா மகன் உண்டு.

மேலே சொன்னதோடு சேர்க்க: உழைத்துச் சம்பாதிப்பது சபைக்குப் போகும், ஓய்வூதியமும் பொதுவாக அப்படியே. அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சகோதரியின் சம்பளம் அவர் பெயரில் வரும், மடத்துக் கணக்குக்குப் போகும். அந்தப் பணம் தன் கையில் நிற்பதே இல்லை, ஆகவே வருமான வரி பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீண்ட வழக்கு நடந்தது. வார்த்தைப்பாடு கொடுத்தவர் உலகத்துக்கு இறந்தவர், ‘குடிமைச் சாவு’ என்பது வாதம். 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சம்பளம் என்று தனிநபருக்குக் கொடுத்தால் பிடித்தம் உண்டு, பிறகு அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்று முடித்தது. ஆகவே பான் அட்டை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் எல்லாம் துறவிக்கும் உண்டு.

இதோடு ஒட்டிய சின்ன எரிச்சல்: துறவறப் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, பட்டச் சான்றில் ஒன்று. பெயர் மாற்றும் சபையில் சேர்ந்தால் சான்றுகளில் பழைய பெயரையே விட்டுவிடுங்கள்.

வலிகாமத்தான் | 11 மே, 10:40

செத்த ஆளிட்ட வரி கேக்கினம். எமலோகத்திலயும் பான் அட்டை வேணும் போல.

மடத்துச்சாவி | 14 மே, இரவு 10:00

கீழ்ப்படிதல். பெரிய தியாகங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. வருவது மே மாதத்தில் ஒரு பக்கக் கடிதம். “ஜூன் 1 முதல் இன்ன இல்லம், இன்ன பொறுப்பு.” ஆறு வருடம் வளர்த்த விடுதியை, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த எண்பது பிள்ளைகளை, ஒரு பெட்டியோடு விட்டுவிட்டுப் போக வேண்டும். நன்றாக நடத்தும் சபையில் அந்தக் கடிதத்துக்கு முன் சபையின் மாநிலத் தலைவர் வந்து உட்கார்ந்து பேசியிருப்பார். மோசமாக நடத்தும் இடத்தில் கடிதம்தான் முதல் செய்தி. சேர நினைப்பவர்களுக்குச் சபைகள் நடத்தும் “வந்து பாருங்கள்” முகாமுக்குப் போகும்போது “உங்க போன மாற்றல் எப்படி வந்தது ஃபாதர்?” என்று ஒருவரையாவது கேளுங்கள். பதில் வருவதற்கு முன் விழும் இடைவெளியையும் கவனியுங்கள்.

கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு. உன் மனசாட்சியைத் திறந்து காட்டு என்று எந்தத் தலைவரும் நெருக்கக் கூடாது (630). நவதுறவக அதிபர் தன் நவதுறவிகளுக்கு வழக்கமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது; அவர்களே விரும்பிக் கேட்டால்தான், அதுவும் அபூர்வமாக (985). இந்த இரண்டும் மீறப்படும் வீடு என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மடத்துச்சாவி | 15 மே, காலை 5:10

நேற்று எழுதியதில் கடைசி வரி கொஞ்சம் அவசரம். ‘மனம் திறந்து பேசும் ஆண்டுச் சந்திப்பு’ இயேசு சபையின் சொந்த மரபு, அதை மீறல் என்று எண்ண வேண்டாம். தானாகத் திறப்பது வேறு, நெம்பித் திறப்பது வேறு. உள்ளே இருப்பவருக்கு இந்த வித்தியாசம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

“வந்து பாருங்கள்” முகாமில் எதைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: சிற்றாலயத்தைப் பார்க்காதீர்கள், அது எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும். வயதான, படுக்கையில் விழுந்த துறவிகள் இருக்கும் அறைக்குப் போங்கள். விரிப்பு எப்போது மாற்றியது, சாயங்காலம் யார் வந்து பேசுகிறார், தட்டில் இருப்பது பந்தியில் இருப்பதுதானா. நாற்பது வருடம் கழித்து உங்கள் கட்டில் அது. அப்புறம் சமையலறை: வேலைக்கு வரும் அம்மாவைத் துறவிகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு கேள்வி, கூச்சப்படாமல்: கடந்த பத்து வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்? எண்ணிக்கை குறைவாக இருப்பது குறையில்லை. எண்ணைச் சொல்ல மறுப்பது குறை.

நெய்தல்24 | 15 மே, இரவு 9:15

தூக்க மாத்திரை ஆறு மாசம் சாப்பிட்டேன், 2023ல. அதைச் சொன்னா கதை முடிஞ்சுதா?

மடத்துச்சாவி | 15 மே, 9:40

முடியாது. மருத்துவர் சீட்டோடு சொல்லுங்கள். உளவியல் பரிசோதனை கேட்டால் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. பரிசோதனை முடிவு யார் கையில் போகும் என்று முதலிலேயே கேளுங்கள். சரியாகிவிட்ட நோயால் திருப்பி அனுப்பப்படுவது அபூர்வம், மறைத்த நோயால் அனுப்பப்படுவது சாதாரணம். ஐந்து மணி மணியோசை, அரைமணி தியானம், திருப்பலி, கட்டளை செபம், தோட்டம், வகுப்பு, இரவு மௌனம் என்று ஓடும் நாளில் தூக்கம் கெட்டவன் இரண்டாம் மாதமே வெளியே தெரிந்துவிடுவான். குறட்டை விடுகிறவனுக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்தால் முதல் வாரமே.

ஓரக்குறிப்பு | 18 மே, 7:00

வெளியே வருவதையும் எழுதிவிடுவோம், ஏனென்றால் பயமே அதில்தான். நவதுறவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும் நாளில் புதுப்பிக்காமல் வரலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு, கனமான காரணத்தோடு விண்ணப்பம் மேலே போக வேண்டும். திருத்தந்தை ஆட்சிக்கு உட்பட்ட சபை என்றால் உரோமை வரை. செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது, ஆனால் சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் (702). அந்த ‘அன்பு’க்குச் சட்டத்தில் தொகை இல்லை. சில சபைகள் படிப்பு முடிக்க உதவுகின்றன, சில பேருந்துக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ‘மடத்தை விட்டு வந்தவ’ என்ற பேச்சு ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் துரத்துகிறது. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அனுப்பாமல் ஒரு பட்டம் முடித்தபின் அனுப்புங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வது அதனால்தான்.

நெய்தல்24 | 2 ஜூன், மாலை 6:25

கடனை அப்பா தன் பேருக்கு மாத்திக்க ஒத்துக்கல. மாசம் ₹10,000 கட்டினா அடுத்த வருஷம் ஆகஸ்ட்டுல முடியும், அதுக்கப்புறம் விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடல. திருமுழுக்குச் சான்று எடுக்கப் போனா பதிவேட்டுல அம்மா பேரு தப்பா இருக்கு. ஆரோக்கியமேரிங்கிறது ஆரோக்கியம்னு மட்டும். இது பிரச்சினையா?

ஓரக்குறிப்பு | 2 ஜூன், 7:10

அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், பங்குத்தந்தையும் செய்ய மாட்டார். அம்மாவின் திருமணச் சான்றும் ஆதார் நகலும் வைத்து மனு எழுதிக் கொடுங்கள். ஆயர் இல்லத்து அனுமதி வாங்கி, பழைய எழுத்தை அப்படியே விட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், இந்த வாரமே கொடுங்கள்.